கேட்டுக்கு வெளியே சொன்ன விலை

எந்த வீட்டுக்குப் போனாலும் என்னால் உடனே உட்கார முடியாது. சம்பந்தி வீடானாலும் சரி, துக்கம் கேட்கப் போன வீடானாலும் சரி, கண் முதலில் கூரைக்குப் போகும். அப்புறம் சுவரும் கூரையும் சேரும் மூலைக்கு, அப்புறம் தரைக்கு. கை தானாக நிலைப்படியைத் தட்டும். என் மனைவி இதற்காகவே என்னைக் கல்யாண வீடுகளுக்கு அழைத்துப் போவதைக் குறைத்துக்கொண்டாள். "வந்த எடத்துல செத்த உக்காருங்க, நாம இத வாங்க வரல" என்று அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்த கதைகள் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

கொஞ்ச நாளைக்கு முன் கொடைக்கானலில் வீடு விற்றுக் கொடுக்கும் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் காலத்தில் எப்படி விலை பேசினீர்கள் என்று கேட்டார்கள். கையில் கலர் போட்டோ ஆல்பம். மதுரையில் இருக்கும் பார்ட்டி படத்தைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறாராம். புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் வெயில். "மழையில எடுத்த படம் ஒண்ணு கூட இல்லையா தம்பி?" என்றேன். "மழையில யாருங்க படம் எடுப்பாங்க?" என்று சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வத்தலக்குண்டுக்காரன். ஐம்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கவிழ்ந்து, அப்பாவின் வெற்றிலைக் கடையிலும் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து மலை ஏறினேன். உட்காரும் வேலை அன்றைக்கே எனக்கு ஆகாது. கொடைக்கானல் கடைவீதியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே மரியதாஸ் சாரின் ஒற்றை அறை ஆபீஸ் இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். வாங்க வருகிறவர்கள் சித்திரை வெயிலில் வருவார்கள். பேரிக்காய் மரத்தையும் ஏரியையும் பார்த்து மயங்கிவிடுவார்கள். மயங்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சோலி. வீட்டில் என்ன பழுது, சரிசெய்ய என்ன ஆகும், அதைக் கழித்தால் என்ன விலைக்குக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டு, வாங்குகிறவர் சார்பில் பேசுவோம். கூலியும் அவரிடம் மட்டும்தான். முதல் இரண்டு மூன்று வருஷம் ஏணி தூக்கினேன், கூரைக்கு அடியில் தவழ்ந்தேன், திட்டு வாங்கினேன். கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மரியதாஸ் சார் ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. எதிலும் அவசரம் கிடையாது. எனக்கு அவரோடு நடப்பதே தண்டனை. வீட்டை முதலில் வெளியே ஒரு சுற்று சுற்றுவார். கல்சுவரில் பாசி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் மண் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் உள்ளே போய் பலகைத் தரையில் குதிகாலை ஊன்றி நடப்பார். சத்தம் மாறுகிற இடத்தில் நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் மனதில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுவர் அலமாரிகளைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பார். காளான் வாசனை வந்தால் அந்தச் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் பேனாக்கத்தியால் குத்துவார். நல்ல மரமானால் கத்தி நுனியோடு நிற்கும், உளுத்த மரமானால் பிடிவரை இறங்கும். அதே கத்தியைத் துடைத்து, திரும்பும் வழியில் பேரிக்காய் நறுக்கி எனக்கும் ஒரு துண்டு தருவார். கொடைக்கானலில் பாதி பங்களாக்களின் உத்திரத்தை நான் ருசி பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்துவார். ஒரு ஓய்வுபெற்ற கர்னலின் வீட்டில் அப்படிக் கொளுத்தியபோது, புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பி எங்கள் எல்லோரையும் புல்வெளிக்கு விரட்டிவிட்டது. சிம்னிக்குள் காக்கை குடும்பம் நடத்தியிருக்கிறது. கர்னல் இருமி இருமிச் சிரித்து, சாப்பாட்டு அறைச் சிம்னியும் இதே லட்சணம்தான் என்று தாமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே விலை படிந்தது.

திரும்பி வரும்போது சார் கேட்டார். "ஏலே சுப்பையா, நாம அந்த வீட்டப் பத்தி ஏதாச்சும் குறை சொன்னமா?"

"இல்லீங்க சார்."

"அதான். குறைய நீ சொன்னியன்னா வீட்டுக்காரனுக்கு ரோசம் வரும், வெல ஏறும். அவன் வாயால வந்தாத்தான் எறங்கும்."

அவர் வைத்திருந்த சட்டங்கள் மூன்று. முதலாவது இதுதான். இரண்டாவது, மழையில் பார்க்காத வீட்டுக்கு விலை பேசக் கூடாது. மூன்றாவது, வீட்டுக்குள் நின்று விலை சொல்லக் கூடாது. விற்கிறவரை மரியாதையாக கேட்டுக்கு வெளியே அழைத்து வந்துதான் சொல்ல வேண்டும். "ஒருத்தர் வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு அதுக்கு வெல சொல்றது, பொண்ணு பாக்கப் போயி அந்தப் புள்ள காதுல விழுற மாதிரி நகை கேக்கறதுக்குச் சமம்" என்பார். விலையைச் சொல்லிவிட்டு, எதிரே உள்ள மரத்தைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார். என்னால் நிற்க முடியாது. கால் ஆட ஆரம்பிக்கும். அவர் தன் செருப்புக் காலை என் பாதத்தின் மேல் மெல்ல வைத்து அழுத்துவார்.

நான் சொல்ல வந்தது எஸ்தர் மேட்ரன் வீட்டைப் பற்றி.

அறுபதுகளின் நடுவில், ஐப்பசி மாதம். செல்லம்மா என்று ஒரு அம்மாள் ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் வீட்டுக்காரர் கடை வைத்திருந்தார். அவர் இறந்ததும் கடையை விற்றுவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு இங்கே வந்து, பிள்ளைகளைக் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, கடைவீதிக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிற பெற்றோர் தங்கிச் சாப்பிட ஒரு வீடு நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். கையில் இருந்த தொகை ஒரு பழைய வீட்டை வாங்கலாம் என்கிற அளவுதான்.

ஆனால் வத்தலக்குண்டில் இருந்த அவருடைய கொழுந்தன் வேலுச்சாமி, அந்தத் தொகையைத் தன் லாரியில் போடச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் வந்து மூன்று பேரையும் கீழே அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அங்க போனா சமயக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு குடுப்பாரு" என்றார் செல்லம்மா. "பணமும் திரும்பாது, நானும் திரும்ப மாட்டேன். புள்ளைக படிப்பும் அத்தோட சரி. அவரு வர்றதுக்குள்ள ஒரு வீட்டுக்கு அட்வான்சு குடுத்துரணுங்க."

அவர் பார்த்து வைத்திருந்தது கடைவீதிக்கு மேலே சரிவில் இருந்த எஸ்தர் மேட்ரனின் வீடு. கல்சுவர், தகரக் கூரை, நான்கு அறை, இரண்டு கணப்பு. எஸ்தர் மேட்ரன் ஒரு பள்ளிக்கூட விடுதியில் வெகுகாலம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அந்த வீட்டைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவர். வாங்கும்போது அவருடைய அண்ணன், கோயில் வாசலில் நாலு பேர் முன்னால், "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு பங்களா? கூரைய ஒழுக விட்டுட்டு நிக்கப் போற" என்று சொன்னாராம். "என் வீடு ஒழுகாது" என்று மேட்ரன் அங்கேயே பதில் சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த வீடு ஒழுகவில்லை. அதாவது, ஒழுகியதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. கொடைக்கானலில் தகரக் கூரையில் ஆணி அடித்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். யார் வீட்டுக் கூரை பழுது என்று மொத்த ஊருக்கும் தெரிந்துவிடும். அதனால் மேட்ரன் கூரையில் ஆள் ஏற்றவே இல்லை. ஒரு ஆணியில் முடிந்திருக்க வேண்டியது, வருஷா வருஷம் வளர்ந்து கைமரம் வரை போய்விட்டது. இப்போது திண்டுக்கல்லில் இருந்த தங்கை மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தார். நல்ல வீட்டுக்கான முழு விலை சொன்னார். அந்த விலையைக் கொடுத்தால் செல்லம்மாவிடம் கூரைக்கு ஒரு காசு மிஞ்சாது.

மரியதாஸ் சார் வேறொரு சோலியாக வத்தலக்குண்டு இறங்கியிருந்தார். மறுநாள் பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. சாரால் ஏற முடியாது, வேலுச்சாமியாலும் முடியாது. ரோடு திறந்தால் இருவருமே முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். நான் தனியாகப் பேசியாக வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் செல்லம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மேட்ரன் டீயும் பன்னும் வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் யார் பேசினாலும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"இந்தச் சுவரைப் பாருங்க தம்பி, சாலிட் ஸ்டோன். இப்ப யாரு கட்டுவா?" என்றார் மேட்ரன். சொல்லிக்கொண்டே தன் நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது மேசைமேல், பன் தட்டுக்குப் பக்கத்தில். மூன்று பேரும் பார்த்தோம். யாரும் பார்க்கவில்லை. எனக்கு நாக்கு நுனியில் நின்றது. நான் சொன்னால் காரியம் கெடும், அவர் சொல்லப் போவதும் இல்லை. கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த அறையிலும் சொட்டுகிற சத்தம் கேட்டது.

செல்லம்மா எழுந்தார். சமையலறைக்குப் போனார். ஒரு குண்டானும் இரண்டு கிண்ணமும் எடுத்து வந்து, குண்டானை மேசைமேல் சொட்டுக்கு நேராக வைத்தார்.

வாங்க வந்தவர் வீட்டுக்காரியின் பாத்திரத்தை எடுக்கிறார். வீடு எனக்குப் பிடித்துவிட்டது, என் வீடாகவே நினைத்துவிட்டேன் என்று சொல்வதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆசை தெரிந்தால் விலை இறங்காது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதோடு ஒழுகலையும் வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இரண்டு விதத்திலும் கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

மேட்ரனின் முகம் இறுகியது. "எனி ப்ராப்ளம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க மேட்ரனம்மா" என்றார் செல்லம்மா. "தேயிலைத் தோட்டத்து லயத்துல, ஒழுகுற தகரத்துக்கு அடியில பொறந்து வளந்தவ நான். மழ சத்தம் கேட்டா கை சும்மா இருக்காது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

மழை கொட்டியது. மேட்ரன் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் செல்லம்மாவிடம் சொன்னார். "அங்க இல்ல. அது சின்னது, தானா நின்னுரும். அந்த ஜன்னல் ஓரம்தான் பெருசு. பக்கெட் வேணும்."

"பக்கெட் எங்கன இருக்கு?"

"வா, காட்டுறேன்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் தனியாக நின்றேன். ஒவ்வொரு அறையாகப் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "இது நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும்." "கட்டில இப்படித் திருப்பிப் போட்டுக்கணும்." "காத்து கெழக்க இருந்து அடிச்சா இங்க வராது." எத்தனையோ வருஷம் தனியாக வைத்திருந்ததை எல்லாம் மேட்ரன் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

"சொல்லுங்க தம்பி, உங்க விலை என்ன?"

"கேட்டுக்கு வெளிய போயிப் பேசுவோமுங்க" என்றேன்.

"இந்த மழையிலயா? நான்சென்ஸ்."

"எங்க சார் அப்படித்தான் பழக்கியிருக்காருங்க."

மேட்ரன் முனகிக்கொண்டே குடையை எடுத்தார். ஒரே குடை. அதன் கீழ் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நடந்து கேட்டைத் தாண்டினோம். விலையைச் சொன்னேன். சொல்லிவிட்டு எதிரே இருந்த தைல மரத்தைப் பார்த்தேன். கால் ஆட ஆரம்பித்தது. மிதிக்க சார் இல்லை. என் இடது காலை வலது காலால் நானே மிதித்துக்கொண்டேன்.

"ரொம்பக் கம்மி" என்றார் மேட்ரன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மொதல்ல என்ன பண்ணுவே செல்லம்மா?"

"கூரையத் தாங்க மாத்தணும். கூக்கால் ஊர்ல கூரை போடுற தகரக்காரர் ஒருத்தர் இருக்காராம். வரச் சொல்லி ஆள் விடணும்."

"அவன் ஆணி அடிச்சா கடைவீதிக்கே கேக்கும்." மேட்ரனின் குரல் தாழ்ந்தது. "இந்த விலைக்கே தர்றேன். ஒரு கண்டிஷன். நான் இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் ஒரு ஆணி அந்தக் கூரையில ஏறக் கூடாது. என் பஸ் போனப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"சரிங்க" என்றார் செல்லம்மா, யோசிக்கவே இல்லாமல்.

உள்ளே வந்து அட்வான்ஸ் கைமாறியது; பத்திரம் பிறகு எழுதிக்கொள்வதாகப் பேச்சு. வாடகை அறையைக் காலி செய்து, மேட்ரன் இருக்கும்போதே, பிள்ளைகளோடு செல்லம்மா அன்றைக்கே அங்கு குடிவந்துவிட்டார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. ரோடு திறந்தால்தான் மேட்ரன் கிளம்ப முடியும். அவர் கிளம்பினால்தான் கூரையில் கை வைக்க முடியும். அதே ரோடு திறந்தால் வேலுச்சாமி வந்துவிடுவார். மழையோ விடவில்லை. கூக்கால் தகரக்காரர் ஏணியோடு வந்து, பின்பக்கச் சுவரோரம் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தினம் பஸ் நிலையத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடந்தேன். போகும்போதெல்லாம் மேட்ரனும் செல்லம்மாவும் பாத்திரம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரோடு திறந்தது. முதல் பஸ்ஸில் மரியதாஸ் சாரும் வந்தார், வேலுச்சாமியும் வந்தார். வேலுச்சாமி கடைவீதியிலேயே சேதி கேட்டுக்கொண்டு, பின்னால் ஒரு கூட்டமே வர, நேராக மேலே ஏறினார். நானும் சாரும் எட்டிப் பிடிப்பதற்குள் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டார். அறை முழுக்கப் பாத்திரம்.

"மதினி, இதென்ன வீடா, சல்லடையா?" என்று முற்றத்தில் நின்று கத்தினார். "ஒழுகுற வீட்ட மறச்சு உங்க தலையில கட்டிருக்காங்க. இது ஏமாத்து. அட்வான்ச இப்பவே வாங்கிக் குடுக்கிறேன், பொட்டியக் கட்டுங்க. குடுக்கலன்னா போலீசுக்குப் போவோம்."

செல்லம்மா வாசலில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புரிந்தது. ஒழுகும் என்று தெரிந்தேதான் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலுச்சாமியின் பேச்சு அடிபட்டுவிடும். ஆனால் கீழே கடைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், கோயிலிலிருந்து திரும்புகிற பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தை மேட்ரனை அவர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிடும். நான் வாயெடுக்கப் போனேன். மரியதாஸ் சாரின் செருப்பு என் பாதத்தின் மேல் வந்து அழுத்தியது.

மேட்ரன் வெளியே வந்தார். கையில் ஒரு பக்கெட். அதைக் கூட்டத்துக்கு நேராக முற்றத்தில் கொட்டினார்.

"ஒழுகும்" என்றார். விடுதியில் பிள்ளைகளை எழுப்புகிற குரல் அது. "ஹால்ல ஒழுகும், ரெண்டு பெட்ரூமும் ஒழுகும், சமயக்கட்டுல அடுப்பு மேலயே ஒழுகும். நான் வாங்கின வருஷத்துல இருந்து ஒழுகுது. ஒவ்வொரு எடமா இந்தம்மாவுக்குக் காட்டித்தான் குடுத்திருக்கேன். அதுக்குத் தகுந்த விலைதான் வாங்கியிருக்கேன். யாரு யாரை ஏமாத்துனது? இது இப்ப இவ வீடு. உள்ள வரணும்னா இவகிட்டக் கேட்டுட்டு வாங்க."

வேலுச்சாமி செல்லம்மாவைப் பார்த்தார்.

"வந்தது வந்தீங்க, காபி சாப்பிட்டுப் போங்க" என்றார் செல்லம்மா.

அவர் சாப்பிடவில்லை, இறங்கிப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. ஆபீஸுக்குத் திரும்பும் வழியில் சார் பேனாக்கத்தியைத் திறப்பதும் மடக்குவதுமாக நடந்தார்.

"ஏலே, அந்தம்மா வாயாலயே வந்துருச்சு" என்றார். "ஆனா எறங்குறதுக்கு வெல ஏது? அதான் முன்னயே பேசி முடிச்சாச்சே."

"ஆமாங்க சார்."

"அப்ப இத எந்தக் கணக்குல சேக்குறது?"

இன்றுவரை நான் அதை எதிலும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மேட்ரன் கிளம்பினார். ஊருக்கே தெரிந்துபோன விஷயம்தானே, நேற்றே கூரையில் ஏறியிருக்கலாமே என்று செல்லம்மாவிடம் கேட்டேன். இரவு முழுக்க மழை, பிள்ளைகள் நனைந்த மெத்தையில் படுத்திருந்தார்கள். "அவங்க சொன்னது அவங்களோட. நான் சொன்னது நான் சொன்னதுதானேங்க" என்று மட்டும் சொன்னார். பஸ் போய்விட்டதா என்று பார்த்து வந்து சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

பஸ்ஸில் மேட்ரன் ஜன்னல் ஓரம் நேராக உட்கார்ந்திருந்தார். சரிவுப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் பெருமாள்மலை ரோட்டில் வளைவு திரும்பியதும் நான் ஓட ஆரம்பித்தேன். உட்காரத் தெரியாத என் கால்கள் வாழ்க்கையில் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏணி சாத்தியிருந்தது. தகரக்காரர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு ஒரு காலை ஏணியில் வைத்திருந்தார். செல்லம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"பஸ் திரும்பிருச்சா?"

"திரும்பிருச்சுங்க."

"நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணால பாத்தேன். இனி ஏறச் சொல்லுங்க, மழ வலுக்குது."

செல்லம்மா அண்ணாந்து தைல மரத்தின் உச்சியைப் பார்த்தார். அது கீழே ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் செத்த பொறுப்போம்" என்றார். "காத்து அவங்க போற பக்கமா அடிக்குது."